முழங்கால் ஏன் வலிக்கிறது?

உட்காருகிறோம், எழுகிறோம், படியேறுகிறோம், சைக்கிள் மிதிக்கிறோம். இத்தனைக்கும் மடங்கி நிமிர்ந்து துணை நிற்பது முழங்கால். ஆனால் அது வலிக்கத் தொடங்கும் வரையில் நாம் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. முழங்கால் வலி தாத்தா பாட்டிகளுக்கு மட்டுமே வருவது என்று மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். பள்ளியின் கபடி அணியையோ கால்பந்து அணியையோ ஒருமுறை பாருங்கள். முழங்காலில் துணிப்பட்டை சுற்றிய ஒருவரையேனும் காணலாம். வளரும் வயதில் வரும் முழங்கால் வலிக்குத் தனிக் காரணங்கள் உண்டு. அவற்றுள் சில தாமே மறைபவை. சில, கவனிக்காமல் விட்டால் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. எது எந்த வகை என்று அறிய, முதலில் இந்த மூட்டு எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

தட்டின்மேல் இரு முட்டைகள்

உடலில் மிக நீளமான எலும்பு தொடை எலும்பு. அதற்கு அடுத்தது கணைக்கால் எலும்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே முழங்கால். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. முழங்கை மூட்டில் எலும்புகள் கதவுக் கீல்போல ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. முழங்காலில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லை. தொடை எலும்பின் அடிப்பகுதி இரண்டு உருண்டைப் புடைப்புகளாக இருக்கிறது. கணைக்கால் எலும்பின் மேற்பகுதியோ ஏறக்குறையத் தட்டையானது. ஒரு தட்டின்மேல் இரண்டு முட்டைகளை நிற்க வைத்தால் எப்படியோ, அப்படி!

முட்டைகள் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது எது? எலும்பின் வடிவம் தராத உறுதியை இங்கே தசைநார்களும் தசைகளும் தருகின்றன. முழங்கால் காயங்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோல்.

எலும்பை எலும்போடு பிணைக்கும் பட்டைகளைத் தசைநார்கள் என்கிறோம். மருத்துவர்கள் ‘லிகமென்ட்’ என்று சொல்வது இவற்றையே. முழங்காலில் முக்கியமானவை நான்கு. உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றும் நின்று, மூட்டு பக்கவாட்டில் வளையாமல் காக்கின்றன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன; அதனால் சிலுவைத் தசைநார்கள் எனப் பெயர் பெற்றன. முன் சிலுவைத் தசைநார், கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல் தடுக்கிறது. பின் சிலுவைத் தசைநார், அது பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கிறது. தசையை எலும்போடு இணைப்பவை தசைநாண்கள், அவை வேறு.

எலும்பு முனைகளின்மீது வழவழப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் படிந்திருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு சுரக்கும் பசை போன்ற நீர் இதற்கு எண்ணெய் இட்டதுபோல் உதவுகிறது. பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி வழுக்கும்போது தோன்றும் உராய்வைவிடவும் நல்ல முழங்காலில் உராய்வு குறைவு. இவற்றுக்கிடையே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக, பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் ஆப்புபோலச் செருகப்பட்டிருக்கின்றன. மூட்டுக்கு முன்னால் இருக்கிறது முழங்கால் சில்லு. சிரட்டை என்று சொல்வதும் இதைத்தான்.

சில்லு எதற்கு?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தளர்வாக வையுங்கள். முழங்கால் சில்லை விரல்களால் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்தால் அது அசையும். இப்போது தொடையின் முன்பக்கத் தசையை இறுக்குங்கள். சில்லு சற்று மேலேறி, அசையாமல் நின்றுவிடும். முன்தொடைத் தசையின் நாணுக்குள் சில்லு பதிந்திருப்பதே காரணம். சில்லின் கீழ்முனையிலிருந்து வரும் தடித்த நாண், கணைக்கால் எலும்பின் முன்புறத்திலுள்ள ஒரு மேட்டில் போய் ஒட்டுகிறது. அந்த மேட்டை நீங்கள் விரலால் தொட்டு உணரலாம்.

கிணற்றுக் கப்பியின்மேல் கயிறு வளைந்து செல்வதுபோல, மடங்கிய முழங்காலின்மேல் இந்த நாண் வளைந்து செல்கிறது. சில்லு, நாணை மூட்டின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. நெம்புகோலின் கை நீண்டால் குறைந்த விசையில் வேலை நடக்கும் அல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. ஆயினும் அந்தக் கை ஏறத்தாழ 4 செ.மீ. நீளந்தான். எனவே தசை மிகப் பெரிய விசையைத் தர வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய விசை?

50 கி.கி. எடையுள்ள ஒரு மாணவர் முழங்கால்களைப் பாதி மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகும் நிலையில் நிற்கிறார் என்று கொள்வோம். முழங்கால்களுக்கு மேலேயுள்ள உடலின் நிறை சுமார் 44 கி.கி. ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு முழங்காலுக்கும் 22 கி.கி.; அதாவது ஏறத்தாழ 220 நியூட்டன். இந்த எடை செயற்படும் கோடு மூட்டின் மையத்துக்கு 15 செ.மீ. பின்னால் விழுவதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 220 × 15. இதைச் சமன் செய்யும் தசைநாணின் கை 4 செ.மீ. ஆகவே,

நாணின் இழுவிசை = 220 × 15 ÷ 4 = 825 நியூட்டன்.

22 கிலோ சுமைக்கு எதிராக 82 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு! ஒற்றைக் காலில் இதே நிலையில் நின்றால் இது இரு மடங்குக்கும் மேலாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில்லை மேலிருந்து தசையும் கீழிருந்து நாணும் இழுக்கின்றன. கால் நீட்டியிருக்கும்போது இவ்விரண்டு விசைகளும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் சில்லு பின்னோக்கி அழுத்தப்படுவதில்லை. முழங்கால் மடங்க மடங்க, இவற்றின் தொகுபயன் விசை சில்லைத் தொடை எலும்பின்மேல் அழுத்துகிறது. இரு இழுவிசைகளும் சமம் என்று எளிமைக்காகக் கொண்டால், 60 பாகை மடங்கும்போது அழுத்தும் விசை இழுவிசைக்குச் சமம். 90 பாகையில் அதைப்போல் 1.4 மடங்கு. வெக்டர் கூட்டல் படித்தவர்கள் இதைத் தாமே வரைந்து சரிபார்க்கலாம். படியிறங்கும்போதும் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் முழங்காலின் முன்புறம் வலிப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இவை வெறும் தாளில் போட்ட கணக்குகள் அல்ல. ஜெர்மனியில் பெர்லின் நகர ஆய்வாளர்கள், செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட நோயாளிகள் சிலரின் மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து, அது ரேடியோ அலை வழியாக அனுப்பிய அளவுகளை 2010-ல் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கும், படியிறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கும் சுமை விழுவதை அவர்கள் கண்டனர். 50 கி.கி. எடையுள்ளவருக்கு இது 130 கி.கி., 175 கி.கி. என்றாகிறது.

பிறைக் குருத்தெலும்பின் கதை

பிறை வடிவக் குருத்தெலும்புகள் பயனற்ற மிச்சப் பொருள்கள் என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டன. விளையாட்டில் அவை கிழிந்தால் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. வெட்டி எடுக்கப்பட்ட முழங்கால்களில் எலும்பு விளிம்புகள் வளர்ந்தும் மூட்டின் இடைவெளி குறுகியும் போவதை இங்கிலாந்து மருத்துவர் ஃபேர்பேங்க் 1948-ல் எடுத்துக்காட்டினார். காரணத்தை, அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது என்னும் நம் பாடம் சொல்லிவிடும்.

1000 நியூட்டன் சுமையில் அளந்தபோது, பிறைகள் உள்ள மூட்டில் தொடும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர செ.மீ. இருந்தது, அவற்றை எடுத்துவிட்டால் அது சுமார் 5 சதுர செ.மீ. ஆகச் சுருங்கியது. அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 90 நியூட்டனாக இருந்த சராசரி அழுத்தம் 200 நியூட்டனாக உயர்கிறது. ‘மிச்சப் பொருள்’ என்று எண்ணியது உண்மையில் சுமை பரப்பும் மெத்தை!

இப்போது கிழிந்த துண்டை மட்டும் நீக்குகிறார்கள், இயன்றால் தைத்துவிடுகிறார்கள். மூட்டைத் திறக்காமல், சிறு துளை வழியே குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தபடியே கிழிசலை நீக்கும் அறுவையை ஜப்பானியரான மசாக்கி வாட்டனபே 1962-ல் முதன்முதலாகச் செய்தார். நோயாளி, கூடைப்பந்து விளையாடும்போது முழங்காலைத் திருப்பிக்கொண்ட 17 வயது இளைஞர். பிறையின் வெளி விளிம்பில் மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. அங்கே ஏற்படும் கிழிசல் ஆறக்கூடும். உள்விளிம்புக் கிழிசல் தானாக ஆறுவது அரிது. கிழிந்த துண்டு இடையில் சிக்கிக்கொண்டால் முழங்காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொள்ளும்.

நொடியில் அறுவது

முன் சிலுவைத் தசைநாரின் நீளம் சுமார் 3 செ.மீ., அகலம் சுமார் 1 செ.மீ. இளவயதினரிடம் இது ஏறத்தாழ 2000 நியூட்டன், அதாவது 200 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். இவ்வளவு வலிய நார் ஏன் அறுகிறது?

குதித்து இறங்குவதை எடுத்துக்கொள்வோம். 50 கி.கி. மாணவர் 45 செ.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொடும்போது அவர் வேகம் வினாடிக்கு 3 மீட்டர்; உந்தம் 150 அலகு. முழங்காலை மடக்கி 0.2 வினாடியில் நின்றால் சராசரி விசை 150 ÷ 0.2 = 750 நியூட்டன். உடல் எடை 500-ஐச் சேர்த்தால் 1250. காலை விறைப்பாக வைத்து 0.05 வினாடியில் நின்றாலோ 3000 + 500 = 3500 நியூட்டன்! இந்த நிலையில் முழங்கால் உட்புறமாகச் சாய்ந்து, உடலும் திரும்பினால், விசையின் பெரும்பங்கு அந்தச் சிறு நாரின்மேல் வந்து விழுகிறது.

இந்தத் தசைநார் அறும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் எதிராளி முழங்காலில் மோதுவதே இல்லை. ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று திரும்புகிறார், அல்லது குதித்து இறங்குகிறார், அவ்வளவுதான். கபடியில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. பிடிப்பவர் கணுக்காலை இறுகப் பற்றிவிட, பாடிச் செல்பவர் உடலை முறுக்கிக் கோட்டை நோக்கிப் பாய்கிறார். பாதம் நிலையாக நிற்க, மேலே உடல் சுழல, முறுக்கு முழுவதும் நடுவிலுள்ள முழங்காலில் இறங்குகிறது. மற்போரிலும் இப்படித்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 48 கி.கி. பிரிவுக் கால் இறுதியில் இந்திய வீராங்கனை வினேஷ் போகாட்டின் வலது முழங்கால் பிறழ்ந்தது. அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுசென்றார்கள். சிலுவைத் தசைநாருக்கு அறுவை செய்துகொண்டு, மாதக்கணக்கில் பயிற்சி பெற்று மீண்ட அவர், 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்.

முற்றிலும் அறுந்த சிலுவைத் தசைநார் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். மீண்டும் களமிறங்கச் சுமார் 9 மாதங்களாவது பொறுத்திருக்க வேண்டும்.

வளரும் வயதில் வரும் வலி

சில்லுக்குக் கீழேயுள்ள எலும்பு மேட்டைத் தொட்டுப் பார்த்தோம் அல்லவா? வளரும் வயதில் அந்த மேடு முற்றிய எலும்பு ஆகியிருப்பதில்லை. அதனடியில் வளர்ச்சிக் குருத்து இருக்கிறது. ஓடிக் குதிக்கும் மாணவரிடம் முன்தொடைத் தசை, நாம் கணக்கிட்டதுபோல் நூற்றுக்கணக்கான நியூட்டன் விசையோடு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. அங்கே வீக்கமும் தொட்டால் வலியும் உண்டாகின்றன. அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் 1903-ல் தனித்தனியே இதை விவரித்தனர். அவர்கள் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. குதிப்பதைச் சில காலம் குறைத்துக்கொண்டால் போதும். வளர்ச்சி முடிந்து குருத்து எலும்பாக மாறியதும் வலி நின்றுவிடும். மேடு மட்டும் சற்றுப் பெரிதாகத் தங்கலாம்.

சில்லைச் சுற்றி வரும் வலியும் மாணவர்களிடம் மிகுதி. பயிற்சியைத் திடீரென்று கூட்டுவது, சைக்கிள் இருக்கையை மிகத் தாழ்வாக வைப்பது, தொடை, இடுப்புத் தசைகளின் வலுக் குறைவு ஆகியவை இதற்கு இடம் தருகின்றன. அத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்துவதே மருந்து. முழங்காலை மடக்கும்போது வலியில்லாமல் ‘மடக்’கென்று ஒலி மட்டும் கேட்டால் அஞ்ச வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் செல்வதே காரணம். 10 முதல் 16 வயதுக்குள் ஒருவர் முழங்கால் வலி என்று நொண்டினால், தொடை எலும்பின் தலை வளர்ச்சிக் குருத்தில் வழுக்கியிருக்கக்கூடும். அடுத்தது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும், வாரக்கணக்கில் குறையாத வீக்கமும். எலும்புப் புற்றுநோய் அரிதானது. ஆனால் இளவயதில் வரும்போது பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே வருகிறது. இவ்விரண்டிலும் காலம் தாழ்த்துவது கேடு.

முதுமையில்

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நடக்கும்போது அது அழுந்தி விரிந்து, கடற்பஞ்சுபோல மூட்டு நீரை உறிஞ்சி உணவு பெறுகிறது. ஆகவே அளவான நடை அதைத் தேய்ப்பதைவிட வளர்க்கவே செய்கிறது. வயது, மிகு எடை, பழைய காயம் முதலிய காரணங்களால் அது சிதையும்போது அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும் பாதிக்கப்படுகின்றன. நரம்புகள் உள்ள அந்த இடங்களிலிருந்துதான் வலி வருகிறது. எடையைக் குறைத்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வு காட்டியது. பாட்டியிடம் சொல்ல இதைவிட நல்ல கணக்கு இல்லை!

அடிபட்டால் என்ன செய்வது?

விளையாட்டை உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்து காலை உயர்த்தி வையுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒற்றுங்கள். மீள்திறன் உள்ள பட்டையை அளவாகச் சுற்றலாம். முழங்காலை உருவிவிடவோ இழுத்து முறுக்கிவிடவோ எவரையும் அனுமதிக்காதீர்கள். பாதி கிழிந்த நாரை முழுதும் கிழிக்க அந்த ஓர் இழுப்பே போதும்.

‘படக்’கென்ற ஒலியோடு முழங்கால் நழுவியதாகத் தோன்றினால், சில மணி நேரத்துக்குள் வீங்கினால், காலை ஊன்ற முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டால், அல்லது காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில மணி நேரத்தில் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் உள்ளே இரத்தம் கசிந்ததன் அடையாளம். வலி இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது என்று மீண்டும் களத்தில் இறங்குபவர்கள், நாரின் பிடிப்பு இல்லாத மூட்டில் பிறைக் குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்கிறார்கள்.

காயம் வருமுன்

ஹேண்ட்பால், கூடைப்பந்து வீராங்கனைகளின் காயக் காட்சிகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லி வினாடிக்குள் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிடுவதாக மதிப்பிட்டுள்ளனர். கண்டு, எண்ணி, தசையை இயக்க நமக்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடி வேண்டும். ஆபத்தைக் கண்டபின் காலைச் சரிசெய்யலாம் என்பது நடவாத காரியம். சரியாக இறங்குவது முன்கூட்டியே பழக்கமாகியிருக்க வேண்டும்.

பழக்கினால் பயனுண்டா? நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 1900 கால்பந்து வீராங்கனைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் 20 நிமிடம் மெதுவோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து மெல்ல இறங்குதல், தொடைத் தசைப் பயிற்சி ஆகியவற்றைச் செய்தனர். 2008-ல் வெளியான முடிவின்படி அவர்களுக்குக் கடுங்காயங்கள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவு. ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த நார் அதிகம் அறுகிறது என்பதால், நம் மாணவிகளுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி.

இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். நண்பர் ஒருவரை எதிரே நிறுத்திக்கொண்டு, ஒரு படியிலிருந்து குதித்து இறங்குங்கள். முழங்கால்கள் மடங்குகின்றனவா, பாத விரல்களுக்கு நேராக நிற்கின்றனவா, உட்புறம் சாய்கின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். ஓசையில்லாமல் இறங்கப் பழகுங்கள். பிறகு நீங்கள் அவரைப் பாருங்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமும் இக்கட்டுரையைக் காட்டி, நாளைய பயிற்சியில் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள்.